தெளிந்த பார்வை மையம்

“ஆறு மணி வரைக்கும்தான். அதுக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் நானே ஏணி போட்டு ஏறி போர்டைக் கழட்டிடுவேன்,” என்றாள் மனைவி.

“ஆறு மணின்னா, ஆறு ஆரம்பிக்கறதா, முடியறதா?” என்று கேட்டார் குறிக்கோளார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பார்க்கிறவர்களிடம் எல்லாம் “உங்க குறிக்கோள் என்ன?” என்று கேட்டுக் கேட்டு, தெருவே சேர்ந்து இந்தப் பெயரைச் சூட்டிவிட்டது. பேப்பர் போடுகிறவரைக்கூட அவர் விட்டதில்லை. அந்த மனிதர் இப்போதெல்லாம் பேப்பரை எதிர்வீட்டில் வீசிவிட்டு ஓடிவிடுகிறார்.

மச்சானின் டைல்ஸ் கடையில் பதினெட்டு வருடம் மேனேஜராக இருந்தவர், எங்கோ ஒரு பயிலரங்கத்துக்கு இரண்டு நாள் போய் வந்தார். மூன்றாம் நாள் வேலையை விட்டார். வாழ்க்கையின் தொலைதூர நோக்கத்தை மக்களுக்குக் காட்டுவதே தன் பிறவிப்பயன் என்று அறிவித்தார். மாடியறை ‘தெளிந்த பார்வை மையம்’ ஆனது. மனைவி வரவேற்பாளர் ஆனாள்.

ஆறு மாதத்தில் படியேறி வந்தவர்கள் மூன்றே பேர். தண்ணீர் கேன்காரர், மீட்டர் பார்க்கிறவர், ஒரு பூனை. மூவரில் பூனைதான் முழுப் பேச்சையும் உட்கார்ந்து கேட்டது.

“இன்னிக்கு ஒரு ஆளாவது வரணும். இல்லேன்னா நாளையிலேருந்து எங்கண்ணன் கடைதான்.”

“என்னோட நீண்டகால நோக்கம்னு ஒண்ணு...”

“உங்க நீண்டகாலத்துக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்குங்க.”

அப்போது படியில் காலடிச் சத்தம் கேட்டது. கதவை நிறைத்துக்கொண்டு பெரிய மீசைக்காரர் ஒருவர் வந்து நின்றார்.

“தெளிந்த பார்வைன்னு போட்டிருந்துச்சே, இதானே?”

குறிக்கோளார் எழுந்த வேகத்தில் நாற்காலி மல்லாந்தது. “இதேதான். உக்காருங்க. என்ன பிரச்சினை?”

“கிட்ட இருக்கறது எல்லாம் பளிச்சுன்னு தெரியுது சார். தூரம்தான் மங்கல். எதிர்ல என்ன வருதுன்னே தெரியல. கிட்ட வந்தப்புறம்தான் புரியுது. அதுக்குள்ள லேட்டாயிடுது.”

குறிக்கோளாருக்குப் புல்லரித்தது. பயிலரங்கத்தில் சொன்ன அதே வார்த்தைகள். பாடப்புத்தகமே மீசை வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

“எத்தனை நாளா இப்படி?”

“ரெண்டு வருஷமா. போன மாசம் மயிரிழையில தப்பிச்சேன். எனக்கு எதாவது ஆனாக்கூடப் பரவாயில்ல சார். என்னை நம்பி அம்பது பேர் இருக்காங்க.”

ஐம்பது பேர். எங்கேயோ பெரிய அதிகாரி. குறிக்கோளார் மனைவியைப் பார்த்துப் புருவத்தாலேயே ஒரு நடனம் ஆடிக் காட்டிவிட்டுப் பேசத் தொடங்கினார். விதை, மரம், நதி, கடல், சிகரம் என்று ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

“தூரம் தெரியலையேன்னு தயங்கி நிக்காதீங்க. பயம்தான் நம்மளோட பிரேக். அதுலேருந்து முதல்ல காலை எடுங்க.”

“காலை எடுக்கறதா சார்?” வந்தவர் குரலில் லேசான சந்தேகம்.

“எடுத்துத்தான் பாருங்களேன். உள்மனசு தானா வழி காட்டும்.”

வந்தவர் மீசையை நீவிக்கொண்டார். “நீங்க சொன்னா சரிதான். சர்டிபிகேட் இன்னிக்கே கிடைக்குமா சார்? பார்வை தெளிவா இருக்குன்னு சீல் போட்டுக் கொடுத்தாத்தான் மேலிடத்துல ஒத்துப்பாங்க.”

சான்றிதழ் இருந்தது. தங்கக்கரை போட்டு இருநூறு அச்சடித்து, இருநூறும் அப்படியே இருந்தது. ஆனால் பன்னிரண்டு அமர்வு முடித்தவருக்குத்தான் தரவேண்டும் என்பது மையத்தின் விதி. அதை எழுதி, ‘எக்காரணம் கொண்டும்’ என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டவரும் குறிக்கோளார்தான்.

“அதுக்குப் பன்னெண்டு தடவை வரணுமே. தூரத்துப் பார்வை ஒரே நாள்ல வர்றது இல்லீங்க.”

“பன்னெண்டு தடவையா? அப்ப நான் வேற இடம் பாத்துக்கறேன் சார்.” எழுந்துவிட்டார்.

மணி ஐந்து ஐம்பத்தேழு. மனைவி ஏணியைக் கொண்டுவந்து சுவரில் சாத்தினாள். தேவைக்கு மேல் கொஞ்சம் சத்தமாகவே சாத்தினாள்.

குறிக்கோளாரின் மனக்கண்ணில் டைல்ஸ் கடை வண்ணத்தில் விரிந்தது. மச்சான் தொந்தி குலுங்க, “வாங்க மாப்பிள்ளை, பிறவிப்பயன் கிடைச்சுதா?” என்று கேட்கிறார். கடையாட்கள் எல்லாரும் டைல்ஸுக்குப் பின்னால் குனிந்து சிரிக்கிறார்கள்.

பன்னிரண்டு அமர்வும் அந்தச் சிரிப்பிலேயே கரைந்து போனது.

“அட, உக்காருங்க. விதி எல்லாம் சாதாரண ஆளுங்களுக்கு. உங்களுக்கு ஒரே அமர்வு போதும்.”

‘இவர் தொலைதூரப் பார்வையில் முழுத் தெளிவு பெற்றவர்’ என்ற தாளில் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு, மேசை நடுங்க சீலைக் குத்தினார். வந்தவர் அதை மூக்குக்கு நேரே பிடித்து எழுத்தெழுத்தாகப் படித்தார்.

“மத்த இடத்துல ஆயிரத்தெட்டு டெஸ்ட் வைப்பாங்க சார். நீங்க பேசியே முடிச்சுட்டீங்க,” என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. “இத்தனை நாளும் உங்களைத் தப்பா நெனச்சுட்டேங்க.”

“ஒருத்தருக்குப் பார்வையைக் கொடுத்திருக்கேன். அது போதும் எனக்கு,” என்று குறிக்கோளார் நெஞ்சை நிமிர்த்தினார்.

படியில் இறங்கிக்கொண்டே வந்தவர் போனில் பேசுவது மேலே கணீரென்று கேட்டது.

“டிப்போ மேனேஜர் சாரா? கண் சர்டிபிகேட் வாங்கிட்டேன் சார். நாளைக்குக் காலையில அந்த மலைப்பாதை பஸ்ஸை நானே எடுக்கறேன்.”