நல்ல தண்ணி வீடு

ஒத்தக்கடையில் தமிழ்வாணி பார்க்கிற ஐந்தாவது வீடு அது.

முதல் நான்கு வீட்டிலும் சொந்த ஊர் எது, எந்தத் தெரு என்று விசாரித்தார்கள். பதில் சொன்னதும், இப்போது விற்கிற யோசனை இல்லை என்றார்கள்.

ஆனாலும் அலைந்தாள். குடியிருக்கும் வாடகை வீட்டில் போர் தண்ணி அத்தனையும் உப்பு. மூன்று வயது மகளுக்கு உடம்பெல்லாம் வறண்டு வெடித்துக் கிடந்தது. குளிக்க வைத்தால் எரிகிறது என்று வீறிட்டு அழும். மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்த டாக்டர், கடைசியில் தண்ணியை மாற்றுங்கள் என்றுவிட்டார்.

இந்த ஐந்தாவது வீட்டின் அடுப்படிக் குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்தாள். இனித்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நம்மாத்து போர் மட்டும்தாம்மா இப்படி," என்றார் வீட்டுக்காரர் சாய்ராம்.

தமிழ்வாணியின் கணவன் சிவபாண்டி, வெள்ளிக்கிழமையே பேசி முடித்துவிடலாம் என்றான். சாய்ராமும் தலையாட்டினார்.

அதுவரை ஓரமாக நின்ற சாய்ராமின் மனைவி மதுவந்தி, தமிழ்வாணியின் இடுப்பில் இருந்த குழந்தையின் கையைப் பார்த்து என்னவென்று கேட்டாள். தமிழ்வாணி எல்லாவற்றையும் சொன்னாள்.

மதுவந்தியின் முகம் மாறியது.

"இந்த வீடு உங்களுக்குச் சரிப்படாது. வேற பாருங்கோ."

சாய்ராம் அவளை அடக்கப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. விற்கப்போவதில்லை, கிளம்புங்கள் என்றாள்.

தமிழ்வாணி அவள் முன்னால் போய் நின்றாள்.

"எங்களுக்குச் சரிப்படாதா, எங்களுக்கு விக்கிறது உங்களுக்குச் சரிப்படாதா?"

மதுவந்தி தரையைப் பார்த்தபடி வாசல் கதவைத் திறந்துவிட்டாள்.

"அப்படியே வச்சுக்கோங்கோ."

வெளியே வந்ததும் தமிழ்வாணி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். இரண்டு பேரும் வாத்தியார் வேலை பார்த்து என்ன, பேங்க்கில் லோன் கிடைத்து என்ன, பிள்ளையைக் குளிப்பாட்ட நல்ல தண்ணிக்கு வழியில்லையே என்றாள். இனி எந்த வீட்டுப் படியும் ஏறப்போவதில்லை என்றாள். சிவபாண்டி பைக்கை உதைத்தான்.

அந்தக் குறுகிய தெருவை அடைத்துக்கொண்டு ஒரு தண்ணி லாரி வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, வண்டிய லேசா ஒதுக்குங்க. சாய்ராம் சார் வீட்டுத் தொட்டிக்கு ஊத்தணும். காலையில ஊத்துனது பத்தாதாம், வீடு பாக்க இன்னும் ஆளு வருதாம். அவுக போர் தண்ணியத்தான் வாயில வைக்க முடியாதே."