லேபிள் கிழித்த பாட்டில்

"இத்தனை வருஷம் கழிச்சு சண்டை போடவா வந்திருக்கே?" என்று கேட்டார் 'மறுபடி மேடம்'.

"பாதி அதுக்குத்தான் மேடம். மீதி வேலை விஷயம்," என்றாள் அவள்.

அந்தப் பட்டப்பெயரை வைத்தவளே அவள்தான். ஒரு மருந்துப் பரிசோதனைக் கூடத்தில் மேடத்தின் கீழேதான் அவளுக்கு முதல் வேலை. மேடம் அவளைவிட நாலைந்து வயது மூத்தவர், அவ்வளவுதான். ஆனால் அதிகாரம் தூள் பறக்கும். எந்தச் சோதனை முடிவைக் கொண்டுபோய் நீட்டினாலும் ஒரே வார்த்தை, "மறுபடியும் செய்." முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் மறுபடி மேடம்.

இன்று அவளே ஓர் ஆராய்ச்சிக் கூடத்துக்குத் தலைவி. மனச்சோர்வு மாத்திரைகள் நாளாக நாளாக வீரியம் குறைகின்றனவா என்று ஆராய்ச்சி நடக்கிறது. பழைய மாத்திரை ஒன்றைப் பற்றிய விவரம் வேண்டும். அந்தப் பழைய கூடத்தை மூடி எவ்வளவோ காலமாகிவிட்டது, காகிதமெல்லாம் எடைக்குப் போய்விட்டது. மிச்சம் இருப்பது மேடத்தின் ஞாபகம்தான்.

"லேபிளைக் கிழிச்சுட்டு நம்பர் மட்டும் ஒட்டின பாட்டில். மனச்சோர்வு மாத்திரை. ஞாபகம் இருக்கா?"

மாத்திரை எந்தக் கம்பெனியுடையது என்று தெரிந்தால் சோதிப்பவரின் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம். அதனால் லேபிளைக் கிழித்து எண்ணை ஒட்டிக் கொடுப்பது அந்தக் கூடத்து வழக்கம்.

"ஏதோ லேசா ஞாபகம் இருக்கு," என்றார் மேடம்.

"லேசாவா? எனக்கு ஜென்மத்துக்கும் மறக்காது. சாயங்காலம் எல்லாரும் கிளம்புவாங்க. நானும் பையைத் தோள்ல மாட்டுவேன். பார்த்துக்கிட்டே இருந்த மாதிரி, அப்பத்தான் அந்தப் பாட்டிலோட வந்து நிப்பீங்க."

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீளமான மேசை, ஜன்னலில் சாய்ந்த வெயில், மூக்கைத் துளைக்கும் புளித்த அமில நெடி. சில மாத்திரைகளைக் குட்டிப் பீங்கான் உரலில் பொடித்து, கரைத்து, வடிகட்டி, மேலே குழாயிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஊதா நிறம் நீலமாகும் அந்த ஒரு சொட்டுக்காக இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்திருப்பார்கள். இப்போது அவளுடைய கூடத்தில் எல்லாவற்றையும் இயந்திரமே செய்துவிடுகிறது, யாரும் யார் பக்கத்திலும் நிற்பதில்லை. கோபம் ஒரு பக்கம் இருந்தாலும், அந்த மேசைக்கு ஒரு தடவை திரும்பிப் போக முடியாதா என்று அவளுக்கு ஏக்கமாகத்தான் இருந்தது.

"முடிவு ஒரு நாளும் மாறலை மேடம். சரியாத்தான் வந்துச்சு. அப்பவும் மறுநாள் அதே பாட்டில், அதே வேலை. செக்குமாடு மாதிரி சுத்த விட்டீங்க. நான் பண்ணின தப்பு என்னன்னு இன்னைக்காவது சொல்லுங்க."

"தப்பே இல்லை. உன் கைக்கு அந்தக் கூடத்துலேயே ஈடு கிடையாது."

அவளுக்குச் சுருக்கென்றது.

"அப்புறம் எதுக்கு என்னை அப்படி வறுத்தெடுத்தீங்க? எங்கப்பா தவறிப்போன வருஷம் அது. ஹாஸ்டல்ல தனி ரூம். சொல்லி அழ ஒரு ஆள் கிடையாது. உங்களைத் திட்டித் திட்டியேதான் அந்த வருஷத்தைத் தாண்டினேன்."

"திட்டினியா? நல்லதாப் போச்சு. திட்டவாவது தெம்பு வந்துச்சே," என்றார் மேடம். "அதுக்கு முன்னாடி நீ சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திருப்பி எடுத்துட்டுப் போவே. ஒரு நாள் கை கழுவுற இடத்துல நின்னு, 'இந்தச் சாயங்காலம் எதுக்குத்தான் வருதோ'ன்னு உனக்கு நீயே சொல்லிக்கிட்டே. நான் உன் பின்னாடிதான் நின்னேன்."

இத்தனை வருஷமாகத் தண்டனை என்று கறுவிக்கொண்டிருந்தது துணையாக இருந்திருக்கிறது. அது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"என்கிட்ட நேரா கேட்டிருக்கலாமே மேடம்."

"கேட்டா என்ன சொல்லியிருப்பே? 'ஒண்ணுமில்லை, நல்லாத்தான் இருக்கேன்'னு சொல்லிட்டு ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்தியிருப்பே. அந்தப் பதில் எனக்குத் தெரியாதா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேச்சை மாற்றாவிட்டால் குலுங்கி அழுதுவிடுவோம் என்று பயந்து, வந்த வேலைக்கே திரும்பினாள்.

"சரி, கம்பெனி பேரையாவது சொல்லுங்க. முடிவெல்லாம் எனக்கு மனப்பாடம். அந்தப் பாட்டிலை எந்தக் கம்பெனி அனுப்புச்சுன்னு தெரிஞ்சா போதும்."

"எந்தக் கம்பெனியும் அனுப்பலை."

"பின்னே?"

மேடம் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அது என் மாத்திரை. டாக்டர் எனக்கு வேற மருந்து மாத்திக் கொடுத்தார். பழையது ஒரு பாட்டில் நிறைய மிஞ்சிடுச்சு. லேபிள்ல என் பேர் இருந்துச்சு, அதனாலதான் கிழிச்சேன்."

"உங்களுக்கா? நீங்களா மேடம்?"

"நானேதான்."

"வேண்டாத மாத்திரைன்னா தூக்கிப் போட்டிருக்கலாமே."

"தூக்கிப் போடணும்னு தினமும் நினைப்பேன், கை வராது. அதை வீட்டுல வச்சுக்கிட்டு ராத்திரி தனியா இருக்கவும் பயமா இருந்துச்சு." மேடம் அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். "நான் உனக்குத் துணையா இருந்தேன்னா நினைக்கிறே? நீதான் தினமும் கொஞ்சம் கொஞ்சமாப் பொடிச்சுப் பொடிச்சு, அந்தப் பாட்டிலை எனக்காகக் காலி பண்ணிக் கொடுத்தே."