இன்னும் அந்த ருசி வரலை

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தை பொய் இருந்தாலும் என் பல்செட்டு இன்றைக்கே எழுந்து நடந்து போய்ப் பக்கத்து வீட்டில் குடியேறட்டும்!

அந்த வருஷத்துக் குளிரைத்தான் முதலில் சொல்ல வேண்டும். தெருவில் ஒருத்தன் கொட்டாவி விட்டான். திறந்த வாய் வெயில் காலத்தில்தான் மூடியது. அப்பேர்ப்பட்ட குளிரில், ரயிலில் டிக்கெட் பரிசோதிக்கும் செக்கரம்மா லீவு போட்டுவிட்டு வந்து அம்மா வீட்டுக் கதவைத் தட்டினாள்.

அவள் தம்பி செத்துப் போனதிலிருந்து அந்த வீட்டில் இருப்பது அம்மாவும் தம்பி மனைவியும்தான்.

பக்கத்து வீட்டுக்காரி போனில் வத்தி வைத்திருந்தாள். "உங்கம்மாவை அந்தப் பொண்ணு அடுப்படியில நிக்க வெச்சே வதைக்கிறா. வந்து பாருங்க."

ஓசிப் பயணிகள் எத்தனை கதை அளந்தாலும் காதில் போட்டுக்கொள்ளாதவள் செக்கரம்மா. இந்தக் கதை மட்டும் அவளைத் தூங்க விடவில்லை.

உள்ளே வந்து பார்த்தால், பக்கத்து வீட்டுக்காரி குறைத்துத்தான் சொல்லியிருக்கிறாள் என்று தோன்றியது.

அம்மா சால்வையைச் சுற்றிக்கொண்டு அடுப்பின் முன்னால் நிற்கிறாள். கொதிக்கிற டீயில் ஏலக்காயைத் தட்டிப் போடுகிறாள். தம்பி மனைவியோ நாற்காலியில் கம்பளிக்குள் சுருண்டு உட்கார்ந்திருக்கிறாள். முன்னால் வரிசையாக டம்ளர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வாய்தான் குறைந்திருக்கிறது.

"கிராம்பு தூக்கல், அத்தை."

"அப்படியா? இரு, குறைச்சுப் போடறேன்."

"இதுல இஞ்சி தொண்டையைப் பிடிக்குது. அவர் போட்டா இப்படியா இருக்கும்?"

"இருக்காதுதான்... இரும்மா, ஆரஞ்சுத் தோல் போட்டுப் பார்க்கிறேன்."

குளிர் வந்துவிட்டால் அந்த வீட்டில் டீ போடுவது தம்பிதான். அடுப்படிக் கதவைச் சாத்திக்கொள்வான். என்ன போடுகிறான் என்று ஒருத்தரையும் எட்டிப் பார்க்க விடமாட்டான். "சொல்லிட்டா அப்புறம் எனக்கு என்ன மவுசு?" என்பான். சொல்லாமலே போய்விட்டான். அந்த டீயைத்தான் அம்மா தேடிக்கொண்டிருக்கிறாள்.

செக்கரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தம்பி மனைவியைக் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"ஏண்டி, மனசாட்சி இருக்கா உனக்கு? அவங்க நின்னு நின்னு கால் வீங்கிக் கிடக்கு. நீ மகாராணி மாதிரி உட்கார்ந்துக்கிட்டு நொட்டை சொல்றியா?"

"மெதுவா பேசுங்க அண்ணி."

"என்னத்த மெதுவா? ஒரு தடவை 'இதுதான் அத்தை'ன்னு சொன்னா நாக்கு தேஞ்சு போயிடுமா? அவங்களும் அதோட விட்டுட்டுப் போய்ப் படுப்பாங்க இல்ல?"

"அதுக்குத்தான் அண்ணி சொல்லலை."

செக்கரம்மா புரியாமல் பார்த்தாள்.

"காரியம் முடிஞ்சதும் நீங்க வேலைக்குக் கிளம்பிட்டீங்க. அத்தை சுவரைப் பார்த்துப் படுத்தாங்க. சோறு இறங்கலை. தண்ணியைக்கூட ஸ்பூன்லதான் விட்டேன். 'நான் எதுக்குடி எழுந்திருக்கணும்?'னு கேட்டாங்க. அப்புறம் ஒரு நாள் தானா எழுந்தாங்க. 'அவன் டீயை ஒரே ஒரு தடவை போட்டுக் குடிச்சிட்டா போதும், நிம்மதியா கண்ணை மூடிடுவேன்'னாங்க."

"அதனால?"

"அது எப்பவோ வந்திடுச்சு அண்ணி. சக்கரையை வெறும் பாத்திரத்துல போட்டுட்டு ஏதோ நினைப்புல நின்னுட்டாங்க. கருகிப் போச்சு. கொட்ட மனசில்லாம அதுலயே தண்ணியை ஊத்தி டீத்தூளைப் போட்டாங்க. வாயில வெச்சேன். அவரேதான்."

"நீ என்ன சொன்னே?"

"கருகல் வாடைன்னேன். அவரை வாயில வெச்சுக்கிட்டே, இது அவர் இல்லைன்னு சொன்னேன்."

செக்கரம்மாவின் பிடி தானாகத் தளர்ந்தது.

கதவு திறந்தது. அம்மா, ஆவி பறக்கும் டம்ளரோடு.

"இந்தக் குளிர்ல வெளியே நின்னு என்னடி ரகசியம்? இந்தா, நீ குடிச்சுப் பாரு. மறுபடியும் சக்கரையைக் கருக்கிப் போட்டிருக்கேன். எனக்கென்னவோ இதுதான்னு தோணுது, இவ ஒத்துக்க மாட்டேங்கிறா. எனக்குத்தான் நாக்கு செத்துப் போச்சு. கூடப் பிறந்தவ நீ சொல்லு. இதுதானே?"

தம்பி மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

செக்கரம்மா ஒரு வாய் குடித்தாள். கசப்பு முன்னால் வந்தது, இனிப்பு பின்னால் வந்தது. அதற்கும் பின்னால் தம்பி வந்தான். கையைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டு, "ஊதிக் குடி அக்கா, சுடும்" என்று பக்கத்தில் உட்கார்ந்தான். இன்னொரு வாய் குடிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"இல்லம்மா," என்றாள். "இது இல்லை. பட்டை கொஞ்சம் போட்டுப் பாரேன்."

"அட, பட்டையை மறந்தே போயிட்டேன் பாரு!"

அம்மா டம்ளரை வாங்கிக்கொண்டு, சால்வையை இழுத்துச் செருகிக்கொண்டு, விறுவிறுவென்று அடுப்படிக்கு நடந்தாள்.

இதை யார் சொன்னதென்று தயவுசெய்து எங்கேயும் மூச்சு விடாதீர்கள். அந்தத் தாய் இன்றைக்கும் டீ போட்டுக்கொண்டிருக்கிறாள்; அவள் காதுக்கு மட்டும் இது போய்விடக் கூடாது.