ஒழுக்க மாத்திரை

ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே இனி இலவச மாத்திரை என்று சட்டம் வந்திருந்தது. உப்பளத் தொழிலாளி வடிவு, உச்சி வெயிலில் வரிசையில் காத்து நின்று, சுகாதார நிலையத்து இயந்திரத்துக்குள் கையை நீட்டினாள்.

"அழுத்தம் அதிகம். உங்களிடம் ஒழுக்கம் போதாது. இம்மாதம் மாத்திரை இல்லை. உப்பைக் குறையுங்கள்" என்றது அது, தேன் வடியும் குரலில்.

"உப்புக்குள்ள நின்னுதான் நான் கஞ்சி குடிக்கேன். நீ ஒருநா வந்து வாரிப் பாரு!"

கோபப்பட்டதையும் இயந்திரம் குறித்துக்கொண்டது.

அடுத்து நின்ற, அதே உப்பளத்தில் வேலை செய்யும் லில்லிக்கு எந்த நோயும் இல்லை. அதனால் அவளுக்குப் பாராட்டும் ஓர் அட்டை மாத்திரையும் விழுந்தன. அட்டையை அவள் வடிவின் கையில் திணித்தாள்.

"ஏட்டி, ஆண்டவர் எனக்கு எதுக்கு இதத் தாராரு? உனக்குக் குடுக்கத்தான். போன வருசம் உன் அண்ணன் பிரஷர் ஏறி விழுந்த மாதிரி நீயும் விழுந்துராத."

மறுமாதம் வடிவின் அழுத்தம் இறங்கியிருந்தது. "உங்கள் ஒழுக்கத்துக்கு வாழ்த்துகள்" என்று இயந்திரம் மாத்திரை தந்தது. லில்லி போன மாதம் போலவே தன் அட்டையையும் நீட்டினாள்.

வடிவு சிரித்தாள். "எனக்குத்தான் ஒழுக்கம் வந்துட்டேக்கா. அங்க வெறுங்கையோட போறாரு பாருங்க, ஒழுக்கங்கெட்ட பெரியவரு. ஓடிப்போயி அவருக்குக் குடுங்க."