வரிக்கடைசி இடைவெளி

ஆதரவாக நாற்பத்தேழு கட்டைவிரல்கள் உயர்ந்திருந்தன. எதிராக ஒன்றே ஒன்று. அது என்னுடையது.

விஷயம் இதுதான். கோப்புகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகலெடுக்கும் சின்னக் கருவி ஒன்றைப் பதினோரு வருடமாகப் பராமரித்து வருகிறேன். பொத்தான் கிடையாது, படம் கிடையாது. ஒரு வரிக் கட்டளை தட்டினால் வேலை நடக்கும். அதன் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து வாசிக்கலாம், திருத்தி அனுப்பலாம். வந்த திருத்தத்தைச் சேர்ப்பதா, திருப்பி அனுப்புவதா என்று முடிவு செய்வது நானும் கடல் தாண்டி இருக்கும் என் கூட்டாளியும்.

கருவிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. வேலை ஒழுங்காக முடிந்தால் வாயைத் திறக்காது. ஏதாவது கெட்டுப்போனால் மட்டும் சொல்லும். மனிதர்களிடம்கூட இது அபூர்வம்.

இப்போது தூரிகை என்ற பெயரில் ஒருவர் வந்திருக்கிறார். நகல் ஓடும்போது திரையில் ஒரு பட்டை வளர வேண்டுமாம். சமக்குறிகள் ஒவ்வொன்றாக முளைக்கும், முன்னால் ஓர் அம்புக்குறி ஓடும், பக்கத்தில் சதவீதம். நிறம் வேறு. ஆகா, என்ன அழகு என்று ஊரே கூடிக் கைதட்டுகிறது.

போன மாதம் ஒரு கோளாறைச் சரிசெய்தேன். கோடு போட்டுத் தொடங்கும் பெயருள்ள கோப்பைக் கொடுத்தால், கருவி அதையும் கட்டளை என்று நினைத்துக்கொண்டு திருதிருவென்று விழிக்கும். அதற்கு மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஒரு விரல் எழவில்லை. பட்டைக்கு நாற்பத்தேழு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேண்டாம் என்று ஒற்றைச் சொல்லில் எழுதிப் போட்டேன்.

விடுவார்களா? கிழம் என்றார் ஒருவர். புதிதாக எதையும் பார்க்கப் பொறுக்காத ஆள் என்றார் இன்னொருவர். பிடிக்காதவர்கள் பட்டையை அணைத்துக்கொள்ளட்டுமே என்றார் ஒரு புண்ணியவான். ஏன், ஒவ்வொரு முறையும் நான்தான் கெஞ்சி அணைக்க வேண்டுமா? வேண்டும் என்கிறவர் கேட்டு வாங்கிக்கொண்டால் குறைந்தா போய்விடுவார்?

இதே ஆட்கள்தான் எனக்குக் கழுகு என்று பெயர் வைத்தார்கள். திருத்தம் எழுதுகிறவர்கள் வரியின் கடைசியில் கை தவறி ஓர் இடைவெளியைத் தட்டிவிடுவார்கள். திரையில் அது இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான், வெறும் வெற்றிடம். ஆனால் பதினோரு வருடத்தில் ஒன்றுகூட என்னிடமிருந்து தப்பியதில்லை. உங்களுக்குக் கழுகுக் கண் என்பார்கள். நான் மறுத்ததில்லை. அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

மதியம் கூட்டாளி போனில் வந்தான். "காரணத்தைச் சொல்லுப்பா. அஞ்சு மணிக்குள்ள சொல்லலைன்னா நானே சேத்துடுவேன்."

காரணம் இருந்தது. யாரிடமும் சொல்லாத காரணம். சொன்ன மறுநிமிடம் ஐயோ பாவம் என்று ஒருவர் தொடங்குவார். அப்புறம் என்னோடு சண்டை போடக்கூட ஆள் இருக்காது.

நாலரைக்கு அக்கா டீ கொண்டுவந்தாள். இந்தப் பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. வாசலில் நின்றுவிட்டாள்.

"ஏண்டா, இந்த ரூம் பல்பு எப்ப போச்சு? சொல்ல மாட்டியா?"

போனது எனக்குத் தெரியாது.  சுவரைத் தடவிக்கொண்டே வந்து, என் கையைத் தேடிப் பிடித்து டம்ளரை அதில் வைத்துவிட்டுப் போனாள்.

டீயைக் குடிக்காமல் மேசையில் வைத்தேன். தூரிகையின் பட்டையோடு ஒரு நகலை ஓடவிட்டேன். திரையில் விழுவதையெல்லாம் என் கணினி காதில் வாசித்துச் சொல்லும். பிறந்ததிலிருந்து வெளிச்சம் தெரியாதவனுக்கு வேறு வழி இல்லை. அது சொன்னதை அப்படியே பதிவு செய்தேன்.

ஒரு சதவீதம். சமக்குறி. அம்புக்குறி. இரண்டு சதவீதம். சமக்குறி. சமக்குறி. அம்புக்குறி. பன்னிரண்டு நிமிடம் இதேதான். நாற்பதாவது சதவீதத்தில் ஒரு கோப்பு சேதமாகியிருப்பதாகக் கருவி சொல்ல வந்தது. "சேத" என்று தொடங்குவதற்குள் அடுத்த சமக்குறி அதன் வாயைப் பொத்திவிட்டது. எந்தக் கோப்பு என்று இன்னும் எனக்குத் தெரியாது.

காரணம் கீழே, கேட்டுக்கொள்ளவும் என்று எழுதி ஒலிப்பதிவை இணைத்தேன். மணி ஐந்தாக மூன்று நிமிடம் இருந்தது.

நான் பயந்தபடியே ஆயிற்று. கட்டைவிரல்கள் மளமளவென்று இறங்கின. மன்னிப்புகள் குவிந்தன. கூப்பிய கைகள், கூப்பிய கைகள், உடைந்த இதயம், அழும் முகம் என்று கணினி ஒன்று விடாமல் வாசித்துத் தொலைத்தது. சமக்குறியே தேவலை என்று இருந்தது.

தூரிகையிடமிருந்து மட்டும் ஒன்றும் இல்லை.

ஆறேகாலுக்குப் புதிய திருத்தம் வந்தது. கேட்டால் மட்டும் பட்டை ஓடும், கேட்காவிட்டால் கருவி பழையபடி வாய் திறக்காது. கூடவே ஒரு வரி: "முழுசும் கேட்டேன். நாற்பதுல எந்தக் கோப்புன்னு எனக்கும் புரியல."

பாவம், பரிதாபம், கூப்பிய கை எதுவும் இல்லை.

முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாக ஓடவிட்டேன். சுத்தமான வேலைதான். பதினேழாம் வரி முடிந்தது. அதற்குப் பிறகும் காதில் மெல்லிசாக ஒரு குரல் கேட்டது.

"இடைவெளி."

ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்தேன். பதினேழாம் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி இருக்கிறது, எடுத்துவிட்டு அனுப்பவும் என்று தட்டித் திருப்பி அனுப்பினேன்.

கீழே, முதல் முறையாக நானே அந்தப் பெயரைப் போட்டேன். கழுகு.