ஆம்பளை வாட்ச்

"ஏம் புள்ள, கையில என்னது?"

காரமடை கல்யாண மண்டபம். பந்தியில் சாம்பார் வாளியோடு போய்க்கொண்டிருந்த மோகனப்பிரியாவை நாத்தனார் முத்தாத்தாள் மறித்தாள்.

"வாட்சுங்க நங்கையா."

"அது தெரியுது. என்ர தம்பி வாட்சு உன்ர கையில ஏன் இருக்குது?"

கேட்க வேண்டிய கேள்விதான். பட்டுச் சேலைக்கும் கண்ணாடி வளையலுக்கும் துளிகூடப் பொருந்தாத வாட்ச் அது. டயர் வரி போட்ட கறுப்புப் பட்டை, ரேஸ் கார் மீட்டர் மாதிரி முகம், அதில் சிவப்பு முள். பின்பக்கம் கண்ணாடி வழியே இன்ஜின் ஓடுவதுகூடத் தெரியும். பம்ப்செட் பட்டறை வைத்து முன்னுக்கு வந்த தம்பிதுரை ஆசை ஆசையாக வாங்கியது. அந்த விலைக்கு நிஜக் காரே வாங்கியிருக்கலாம் என்று சொந்தபந்தம் அப்போதே வயிறெரிந்தது.

இப்போது அவன் பக்கவாதம் வந்து, இடது கை விளங்காமல், பெரியநாயக்கன்பாளையத்தில் வீட்டோடு கிடக்கிறான். இவள் அதைக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்கு வந்து நிற்கிறாள்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? இலையில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர் ஈஸ்வரமூர்த்தி, எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார்.

"புருஷன் இனி எந்திரிக்க மாட்டான்னு முடிவு பண்ணிட்டாளாட்ட இருக்குது. இப்பவே பங்கு பிரிச்சுக்கிட்டா."

முத்தாத்தாளுக்குச் சுருக்கென்றது. சொன்னவரை விட்டுவிட்டு மோகனா மேல்தான் கோபம் வந்தது.

"ஊரே சிரிக்குது. கழட்டிப் பையில போடு."

"மாட்டேனுங்க."

"என்ன சொன்னே?"

"கழட்ட மாட்டேனுங்க நங்கையா. சிரிக்கறவங்க சிரிக்கட்டும்." மோகனா ஈஸ்வரமூர்த்தி பக்கம் திரும்பினாள். "அவரு எந்திரிச்சு வந்து உங்க ஊட்டு விசேஷத்துல பந்தி பரிமாறுவாருங்க. இப்ப எலையப் பாத்துச் சாப்பிடுங்க. இன்னுங் கொஞ்சம் சாம்பார் ஊத்தட்டுங்களா?"

வாளியை இடது கையில் ஆட்டிக்கொண்டே அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். பரிமாற ஆள் இல்லாத மண்டபமா அது? இருந்தும் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்தாள். மினுக்கத்தான் இத்தனையும் என்று முத்தாத்தாள் பல்லைக் கடித்தாள்.

தம்பியிடமே நேரில் சொல்லி இதற்கு ஒரு முடிவு கட்டாமல் விடுவதில்லை என்று, திரும்பும்போது மோகனாவின் காரிலேயே ஏறிக்கொண்டாள்.

வீட்டுத் தெருமுனையில் மோகனா காரை நிறுத்தினாள். வாட்சைக் கழற்றினாள். முந்தானையால் வியர்வையைத் துடைத்து, பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"ஓகோ. ஊருக்கு முன்னால மினுக்கறது, புருஷனுக்குத் தெரியாம ஒளிக்கறதா?"

"நங்கையா, என்னைய என்ன வேணாலும் பேசுங்க. உள்ள வந்து வாட்சப் பத்தி மட்டும் பேச வேண்டாங்க."

"அதைப் பேசத்தான் வாரேன்."

தம்பிதுரை ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தான். அக்காளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. மோகனா உள்ளே போய் பீரோவைத் திறந்து மூடினாள். வாட்சோடு வந்து, துவண்டு கிடந்த அவன் இடது கையில் கட்டிவிட்டாள்.

அவன் வலது கையால் அந்தக் கையைத் தூக்கிக் காதில் வைத்தான்.

"அக்கா, இங்க வந்து கேளுங்க. ஓடுது."

"வாட்சுன்னா ஓடத்தானே கண்ணு செய்யும்?"

"இது அப்படி இல்லைங்கக்கா. பேட்டரி கிடையாது, சாவியுங் குடுக்க முடியாது. கட்டியிருக்கற கை அசைஞ்சாத்தான் ஓடும். சும்மா கெடந்தா ரெண்டு நாள்ல நின்னு போயிரும். பகல்ல தைலம் தேய்க்கறாங்கன்னு இவ கழட்டி பீரோவுல வெச்சுருவா. பொழுதோட கட்டுனா விடிய விடிய என்ர கையிலதான் இருக்கும். மொதல்ல நின்னுதான் போச்சு. சரி, கை செத்துப்போச்சுன்னு சோறு வேண்டாம்னு செவுத்தப் பாத்துப் படுத்துக்கிட்டேன். இப்ப ஒரு மாசமா நிக்கறதே இல்ல. எனக்குத் தெரியாமயே கை அசையுதுங்கக்கா. அந்தத் தெம்புலதான் பயிற்சியே பண்றேன். நேத்து சுண்டு விரல் நிமிந்துச்சு." அவன் குரல் உயர்ந்தது. "டாக்டரு என்ன வேணாச் சொல்லட்டும். செத்த கையில வாட்சு ஓடுமாங்க?"

வாட்சின் மேல் குனிந்து கேட்டுக்கொண்டிருந்த முத்தாத்தாள் தலையைத் தூக்கி மோகனாவைப் பார்த்தாள். அவள் புருஷனின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கண்ணில் கெஞ்சல் இல்லை. முடிந்தால் சொல்லிப் பாருங்கள் என்கிற பார்வைதான் இருந்தது.

முத்தாத்தாளுக்கு வெட்கமாக இருந்தது.

"என்னமோ பேசோணும்னு வந்தீங்களாட்ட இருக்குதே அக்கா?"

"ஒண்ணுமில்ல சாமி. உன்னையப் பாக்கோணும்னு இருந்துச்சு, வந்தேன்."

கிளம்பும்போது வழியனுப்ப வந்த மோகனாவின் கையைப் பிடித்தாள். மணிக்கட்டில் பட்டை அழுத்திய தடம் சிவந்திருந்தது.

"பொழுதன்னிக்கும் நீ ஒருத்தியே எத்தனை நாளைக்கு அம்மணி கைய ஆட்டிட்டே இருப்பே?"

அவ்வளவு நேரம் கலங்காத மோகனாவின் கண்கள் அப்போதுதான் கலங்கின.

முத்தாத்தாள் தன் இடது கையிலிருந்த தங்க வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பையில் போட்டாள்.

"நாளைக்குப் பொள்ளாச்சியில ஒரு புது ஊட்டுப் புண்ணியார்ச்சனை. காத்தால நேரத்துல வாரேன், வாட்ச என்ர கையில கட்டி உடு. எவன் சிரிக்கறான்னு நானும் பாத்துப்போடறேன்."