மாதாவுக்குப் போன வாடகை

"எனக்குச் சேரவேண்டிய வாடகையைக் கொண்டுபோய் மாதாவின்ர காலடியில வைச்சிட்டு வந்திருக்கிறார் அந்த மனுசன்! எந்த ஊர் நியாயம் இது?"

லண்டன் குட்மேய்ஸிலுள்ள தன் கடைக்குள் பாலேந்திரா போட்ட சத்தத்தில், முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த எமில்டாவின் கை நின்றுவிட்டது.

"ஆரைச் சொல்லுறியள் அண்ணை?"

"வேற ஆர்? கடைக்கு மேல குடியிருக்கிற உங்கட கோயில்காரர்தான். போன வருஷ வாடகை மாதாவுக்குப் போட்டுது. இந்த வருஷத்துக்கு இண்டைக்குத்தான் தவணை. மத்தியானம் தாண்டிட்டுது, ஆளைக் காணேல்லை!"

"பாவம், எழுபது தாண்டின தனிக்கட்டை. மாதாவுக்குக் குடுத்ததுக்கும் சண்டையோ?"

"மாதாவுக்கு இந்த லண்டனில எத்தினை கோயில்! எனக்கு இருக்கிறது இந்த ஒரு கட்டடம்."

"உங்கட நெஞ்சுக்குள்ள கல்லுத்தான் கிடக்கு. எனக்கு உங்கட முருங்கைக்காயும் வேண்டாம்."

"எடுத்ததை வைக்காதேங்கோ. பத்துப் பென்ஸ் குறைச்சுத் தாறன்."

எமில்டா முறைத்தாள். முருங்கைக்காயை மட்டும் திரும்ப வைக்கவில்லை.

பாலேந்திராவின் மூத்த மகன் குகதாசனுக்கு வீடு விற்கும் கம்பனியில் வேலை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவன், சோற்றுக்கோப்பையோடு எட்டிப் பார்த்தான்.

"அப்பா, ரெண்டு வருஷம் தொடர்ந்து வாடகை வராட்டி வீட்டை விட்டு எழுப்பலாம் எண்டு எழுதியிருக்கெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? நாளைக்கே நோட்டீஸ் குடுப்பம். மேல் வீட்டைத் திருத்தி விட்டா நல்ல விலை போகும். எப்பிடியும் உங்களுக்குப் பிறகு எனக்குத்தானே வரும்."

"பாத்தியளே தங்கச்சி, ஐந்நூறு வருஷம் பிந்திப் பிறந்திட்டான்! இந்த நாட்டில முந்தி நைட் எண்டு வாளும் குதிரையுமாய்த் திரிஞ்ச ஆக்கள் இருந்தவையாம். அவை செத்தால் காணி முழுக்க மூத்த மகனுக்கு. மற்றதுகள் வெறுங்கையோட வாசலுக்கு வெளியில. இவன்ர தங்கச்சி சிவமலர் யூனிவேர்சிற்றியில அதைத்தான் படிக்கிறாள்."

"நல்ல சட்டம்!" என்று சிரித்தான் குகதாசன்.

"அப்ப மேசை லாச்சிக்குள்ள கிடக்கிற எக்ரிமென்டை எடுத்து வாசி. உரத்து வாசி, இவவுக்கும் கேக்கட்டும். ஆர் கள்ளனெண்டு தெரியட்டும்!"

குகதாசன் கையைத் துடைத்துவிட்டு, தமிழாக்கி வாசித்தான்.

"கடைக்கு மேல இருக்கிற வீடு, இவர் சீவிக்குமட்டும் இவருக்கு. கட்டடம் கைமாறினாலும் எழுப்ப ஏலாது. வருஷ வாடகை, ஜூன் இருபத்திநாலு, யோவான் திருநாளில..."

அவன் பேப்பரைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தான்.

"அப்பா, இதென்ன? 'ஒரு சிவப்பு ரோசாப்பூ' எண்டு கிடக்கு!"

"ஓம். நான் ஒரு கட்டுக் கேட்டனான். மனுசன் அசையேல்லை. ஒண்டுக்கு மேல தன்னால ஏலாதாம்."

எமில்டா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நைட்மாரிலயும் நெஞ்சுள்ளவை இருந்திருக்கினம். மூத்தவன் முழுக்க விழுங்க முன்னம், வழியில்லாததுகளுக்கு ஒரு துண்டை எழுதிப்போட்டு, வருஷத்துக்கு ஒரு ரோசாப்பூ வாடகை எண்டு போடுவினமாம். வருஷா வருஷம் பூ வந்தா, அந்த இடத்தில அவையின்ர உரிமை நிக்கும். எண்பத்தஞ்சில, அகதியாப் பதியிற குரோய்டன் ஒப்பீசால வெளிய வந்து எங்க போறதெண்டு தெரியாம நிண்ட எனக்குத் தன்ர கட்டிலைத் தந்திட்டு, பதினொரு மாசம் நிலத்தில படுத்த மனுசன் அவர். சும்மா வந்து இரும் எண்டா வருவாரே? வாடகை எண்டு சொன்ன பிறகுதான் பெட்டியைத் தூக்கினவர்."

"பிறகேன் அந்த ரெண்டு வருஷக் கதையை எழுதினனீங்கள்?"

"பேரம் பேசிப் பழகின வாய். என்ன செய்ய!"

குகதாசன் பேப்பரை மடித்து லாச்சிக்குள் வைத்தான்.

எமில்டா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அண்ணை, கோவிக்காதேங்கோ. இண்டைக்குத் திருநாள் பூசையெல்லே? காலமை அவரைக் கோயிலடியில கண்டனான். கையில ஒரு ரோசாப்பூ இருந்தது."

"ஐயோ! திரும்பவுமோ?"

பாலேந்திரா தலையில் கைவைத்தார். அதற்குள் குகதாசன் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான்.

"அக்கா, கோயில் எந்த றோட்டில?"

பாலேந்திரா தெருவுக்கு ஓடிவந்து கத்தினார்.

"டேய், மாதாவிட்ட இருந்து பறிக்காதை! வழியில புதுசா ஒரு பூ வாங்குங்கோ. நீ காசு குடுத்திடாதை, அவர்தான் வாங்கவேணும். கடை பூட்ட முன்னம் தன்ர கையால கொண்டுவந்து தரச் சொல்லு. போனமுறை மாதிரி ஏமாத்தாம, இண்டைக்காவது என்ர வாடகையைக் கட்டிப்போட்டு, மேல போய் நிம்மதியாய்ப் படுக்கச் சொல்லு!"